பிளானில் இருக்கும் சுவர்

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. 'டொக்' என்ற சத்தம்.

நானும் என் கணவரும் வீடு வாங்க அலைந்துகொண்டிருந்த சமயம். விலைக்கு வந்த ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனோம். அவர் குழாய் குழாயாகத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இல்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரில் சாய்ந்தேன். சாய்ந்தவள் சும்மா இருக்காமல் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். சுவரைத் தட்டினால் விரல்தான் வலிக்க வேண்டும். இது 'டொக்' என்றது, காலியான பெட்டி மாதிரி.

திரும்பினேன். வீட்டுக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவள், "குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ் நிறுத்தம் தூரம் என்பதால் அந்த வீடு எங்களுக்குப் படியவில்லை. வேறு வீடு வாங்கி, குடிவந்து, கொடியில் துணியும் காயப்போட்டாயிற்று. அந்தச் சத்தம் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது.

ஆக, எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஒரு சத்தமும் ஒரு பார்வையும்தான். மீதி முழுவதும் நானே கட்டியது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. படிக்கும்போது அங்கங்கே தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதில் தடுமாறினேன்.

அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது,

என்ன தெரிந்துவிட்டது? எனக்கே தெரியாது. நிறுத்திவிட்டேன்.

காதல் என்பது, ஒருவருக்காக இன்னொருவர் ஒரு சுவரை

ஐயோ, வேண்டாம். வருடக்கணக்காகக் குடும்பக் கதை எழுதிய கை, தானாக அந்தப் பக்கம் ஓடுகிறது. பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

வீட்டை விற்பவர்கள் அனுமதியில்லாமல் செய்த மாற்றங்களை வாங்குபவரிடம் மறைக்கலாமா என்பது சட்டப் பிரச்சினை மட்டுமல்ல

இது கட்டுரை. கட்டுரை எழுதினால் என் வாசகிகள் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கடைசியில் இப்படி ஒரு வரி வந்தது: 'தச்சர் காலையிலேயே வந்துவிட்டார்.' இதில் எந்த அழகும் இல்லை. அதனாலேயே நம்பும்படி இருந்தது. இதை வைத்துக்கொண்டேன்.

3

தச்சர் காலையிலேயே வந்துவிட்டார். பிளைவுட் பலகைகளை ஹாலில் சாய்த்துவைத்து, டேப்பை இழுத்து அளந்தார்.

"இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும்தானே சார்?"

"ஆமாம்ப்பா. தடுப்பு மாதிரி இருக்கக் கூடாது. சுவர் மாதிரி இருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுட்டா என் பொண்டாட்டியே நம்பிடுவா சார்."

"உன் பொண்டாட்டி நம்பி எனக்கென்ன ஆகணும்? பேங்க் இன்ஜினியர் நம்பணும்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி, கைப்பையைத் தோளில் மாட்டியபடியே சொன்னாள். "பொண்டாட்டி நம்புறதெல்லாம் இந்த வீட்ல எப்பவுமே கணக்குல வராது தம்பி. நீங்க அளங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போகிற போக்கில் பெயிண்ட் அட்டையைப் புரட்டி, "இந்தச் சந்தனக் கலர். பக்கத்துச் சுவருக்கு இதுதான் ஒத்துப்போகும்" என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். யார் காரில் ஏறினாலும், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிற மனிதர். மகள் கல்யாணமாகி வேறு இடத்தில் இருக்கிறாள். அவருக்கு இடுப்பு வலி, மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் இருக்கும் தெருவிலேயே லிஃப்ட் வைத்த ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறார்கள். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். இதை வாங்க ஒரு இளம் தம்பதி ஆசைப்பட்டு, பேங்க் கடனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேங்க் இன்ஜினியர் கையில் பிளானோடு வந்து, அறை அறையாக ஒத்துப் பார்ப்பார்.

பிளானில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கெட்டியான கோடாக ஒரு சுவர் இருக்கிறது. வீட்டில் அது இல்லை.

அந்தச் சுவர் போன கதையை அந்தத் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். மகள் வயிற்றில் இருந்தபோது, கடைசி மாதங்களில் அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஒரு தடவை, "இந்தச் சமையல்கட்டு ஜெயில் மாதிரி இருக்கு. நாளைக்குக் குழந்தை ஹால்ல அழுதா முகத்தைக்கூடப் பாக்க முடியாது" என்று சொல்லியிருந்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரைக் காணோம். கணவர் இடித்துவிட்டிருந்தார். அது மாடியைத் தாங்குகிற சுவர் என்பதால், அதன் இடத்தில் மேலே இரும்பு பீம் போட்டு, பார்வைக்கு அழகாக ஃபால்ஸ் சீலிங்கும் அடித்து மூடியிருந்தார். பிளானில் இருப்பதை மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. நம்ம வீட்டுக்குள் நம்ம சுவர். அவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு யார் தன் புருஷனைப் பற்றிப் பெருமை பேசினாலும், "எங்க வீட்டுக்காரர் எனக்காக ஒரு சுவரையே இடிச்சவரு" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தச் சுவரைத்தான் இப்போது பிளைவுட்டில் திரும்ப வைக்கிறார்கள்.

4

இங்கே ஒரு கேள்வி வருகிறது. எனக்கு வந்தது, அவளுக்கும் வந்தது.

அவள் கட்டட அனுமதி கொடுக்கும் ஆபீசில் போய் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இத்தனை வருடம் கழித்தும் விண்ணப்பிக்கலாம், அபராதம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். ஒரு இன்ஜினியர் வந்து, சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, பீமைப் பார்த்து, சரி என்று சொன்னால் போதும்.

"ஒரே ஒரு பலகை. அதைக் கழட்டிக் காமிச்சா வேலை முடிஞ்சுது" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன்?"

"தூசி."

"என்னங்க, தூசிக்குப் பயந்தா பிளைவுட்ல சுவர் வெக்கிறீங்க?"

"ஆபீசுன்னு போனா இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள அந்தப் பையன் வேற வீடு பாத்துட்டுப் போயிடுவான். நீ விடு."

ரோட்டில் ஈ காக்கை இல்லாதபோதும் மஞ்சள் விளக்குக்கு வண்டியை நிறுத்துகிற மனிதர். பக்கத்து வீட்டுப் பையன் ஹெல்மெட் இல்லாமல் போனால் கூப்பிட்டு வைத்து அரைமணி நேரம் பேசுகிறவர். அவர் ஒரு பலகையைக் கழற்றாமல் இருக்கப் பொய்ச் சுவர் கட்டுகிறார்.

என் முதல் வரைவில் இந்த இடத்தில் அவரை வில்லனாக்கினேன். ஆளில்லாத வீட்டில் அவருக்கு ஒரு ரகசியம், அதை மறைக்கத்தான் சீலிங், மேலே பழைய புகைப்படங்கள், வாசனை போகாத ஒரு துப்பட்டா... நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் பின்னால் நின்று படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரு இந்த ஆளு?"

"கதையில வர்றவர்."

"இடுப்பு வலின்னு போட்டிருக்க."

"உலகத்துல உங்களுக்கு மட்டும்தான் இடுப்பா?"

"துப்பட்டா எல்லாம் வேண்டாம்மா. நாலு பேர் படிக்கிறது. நான் மார்க்கெட்டுக்குப் போகணும்ல."

துப்பட்டாவை எடுத்துவிட்டேன். அவருக்காக இல்லை. (அவருக்காகவும்தான்.) ஒரு மனிதர் இன்னொரு பெண்ணை மறைக்க வேண்டுமென்றால் சீலிங் தேவையில்லை, ஒரு செல்போன் போதும். சீலிங்குக்கு மேல் மறைப்பது வேறு எதையோ.*

* அல்லது, எதுவுமே இல்லாததை. இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு எங்கள் வீட்டுச் சீலிங்கைப் பார்த்தேன். பல்லி இருந்தது.

5

பெயிண்ட் காய்வதற்குள் அவளுக்குச் சந்தேகம் காய்த்துத் தொங்க ஆரம்பித்துவிட்டது.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், முடிவு நம்பும்படி இல்லையென்றால் மாதிரியைத் திரும்ப எடு என்பது. அவள் எடுக்க ஆரம்பித்தாள்.

சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே மகளின் அறை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அறை நடுவில் தரை ஓடுகளின் இணைப்பில் ஒரு கோடு. மற்ற இணைப்புகள் எல்லாம் பழுத்துப்போயிருக்க, அந்த ஒரு கோடு மட்டும் புதிதாக வெள்ளை அடித்தாற்போல் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். வெள்ளை சிமெண்ட். அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு. அதற்கும் கீழே இன்னொன்று.

கட்டில் இந்தச் சுவரோரம். பீரோ அந்தச் சுவரோரம். நடு அறை எப்போதும் காலி. மகள் எட்டாவது படிக்கும்போது கட்டிலை நடுவில் போட வேண்டும் என்று அழுதாள். "காத்து நேரா மேல அடிக்கும், சளி பிடிக்கும்" என்று இவர் விடவே இல்லை. எந்தக் காற்று?

மகளுக்குப் போன் போட்டாள். வீடு எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றெல்லாம் சுற்றிவிட்டு, "உன் ரூம் ஞாபகம் வந்துச்சுடி" என்றாள்.

"எனக்கு என் ஸ்கிப்பிங் கயிறுதான் ஞாபகம் வருது" என்று சிரித்தாள் மகள். "அப்பா ஒளிச்சு வெச்சாரே. மாடியில குதிக்காத, வாசல்ல போய்க் குதின்னு. ஃப்ரெண்ட்ஸ் வந்து டான்ஸ் ஆடினா கீழேருந்து ஓடி வருவாரு. வீடே இடிஞ்சு விழுற மாதிரி... ஏம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசுறேன்."

அவள் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பீம் இருந்தால், ஒரு குழந்தை கயிறு தாண்டினால் என்ன? பீம் இருந்தால், கோடு எதற்கு வருடாவருடம் வாய் திறக்கிறது? தெரு முழுக்கத் தண்டோரா போட்டுச் சொன்ன அன்புக் கதை, மேலே வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்ததா? அதற்குக் கீழே குழந்தையைத் தவழ விட்டாளே. அதற்கு மேலே தூங்க வைத்தாளே.

இங்கே அவளை அழ வைக்கத்தான் நினைத்தேன். என் கதைகளில் பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்தால் அழுவார்கள்; அது வழக்கம். இவள் அழவில்லை. எழுந்து, கீழே வந்து, புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

6

வாங்கப் போகிற தம்பதி இன்னொரு முறை பார்க்க வந்தார்கள். அவன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இப்போதுதான் நடக்கப் பழகுகிறது, இறக்கிவிட்டால் ஓடுகிறது.

வீட்டுக்காரி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு, முதல் தடவையாக ஹால் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பிளைவுட்டுக்குச் சத்தத்தை மறைக்கத் தெரியாது. அந்தப் பக்கம் பேசுவது காதருகில் பேசுவதுபோல் கேட்டது.

"போன தடவை வந்தப்ப இந்தச் சுவர் இருந்துச்சா?" இளம் மனைவியின் குரல்.

"இருந்துச்சுடி. நீ சமையல்கட்டு ஷெல்ஃபையே பாத்துட்டிருந்த" என்றான் அவன். (இல்லை. போன தடவை இல்லை. அவன் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாததை அடித்துச் சொல்கிற வியாதி ஆண்களுக்கு இளம் வயதிலேயே வந்துவிடுகிறது.)

"இதை எடுத்துட்டா நல்லா இருக்கும்ல? சமைச்சுக்கிட்டே பாப்பாவைப் பாத்துக்கலாம்."

டொக்.

இளம் மனைவிதான் தட்டினாள். அந்த விரல் என்னுடையது; ஒளிக்க விரும்பவில்லை.

சமையலறையில் வீட்டுக்காரியின் கை டீ வடிகட்டியோடு நின்றுவிட்டது. இப்போது இவர் என்ன சொல்லப் போகிறார்? 'தாராளமா எடுத்துக்கங்கம்மா' என்றால் ஒருவகை. 'அது கெட்டிச் சுவர், தொடக் கூடாது' என்றால் இன்னொரு வகை. இரண்டும் பொய். எந்தப் பொய்யைச் சொல்கிறார் என்பதில்தான் மனிதர் தெரிவார் என்று அவள் காதைப் பலகையோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் பேசினார். அது அவள் எதிர்பார்த்த பேச்சு இல்லை.

"அம்மா... மேல நடு ரூம் இருக்கு பாருங்க. அங்க நடுவுல கட்டில் போடாதீங்க. ஓரமாப் போடுங்க. பீரோ எல்லாம் ஓரமா. பாப்பா கொஞ்சம் பெருசானா குதிக்கும், இல்ல? வாசல்ல விளையாட விடுங்க. மாடியில வேண்டாம்."

"ஏன் சார்? தரை ஏதாவது..."

"சேச்சே. சொல்றேன். எதுக்கும்."

"எதுக்கும்னா?"

"காத்து... நேரா அடிக்கும்."

அவன் சிரித்தான். அவள் சிரித்த மாதிரி கேட்கவில்லை. பேங்க் இன்ஜினியர் இந்த வாரமே வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

7

"பீம் இல்லைதானே?"

அவர் வாசல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்தி முடித்துவிட்டும் கைப்பிடியை விடவில்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"இல்லைன்னு சொல்ல முடியாது."

"அப்ப இருக்கா?"

"இருக்குன்னும் சொல்ல முடியாது."

"என்ன, வெளையாடுறீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத தரையைக் காலால் அழுத்திக்கொண்டே சொன்னார்.

சுவரை இடித்தாயிற்று. மேலே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பீம் வாசலில் வந்து இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் காலை தூக்கி வைக்கப்போகிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவளுக்கு வலி எடுத்துவிட்டது, குழந்தைக்கு நாடித் துடிப்பு குறைகிறது, உடனே வா. போட்டது போட்டபடி ஓடினார். பிறகு அங்கேயே கிடந்தார். வீட்டு ஞாபகமே இல்லை. திரும்பி வந்தபோது வேலை முடிந்து, சீலிங் மூடி, வெள்ளையும் அடித்திருந்தது. வாசலில் பீம் இல்லை.

"மேஸ்திரிகிட்டக் கேட்டேன். பீம் போட்டாச்சான்னு. 'போட்டாச்சு சார், கவலையே படாதீங்க'ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான்."

"சிரிச்சா?"

"நல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு அப்ப. அப்புறம் யோசிக்க யோசிக்க வேற மாதிரி ஆயிடுச்சு. வாசல்ல இருந்த பீம் மேலயும் போயிருக்கலாம், வேற சைட்டுக்கும் போயிருக்கலாம். அந்த ஆளு அதுக்கப்புறம் ஊரை விட்டே போயிட்டான்."

"ஒரு பலகையைக் கழட்டிப் பாத்திருக்கலாமே."

"மொத நாளே பாத்திருக்கணும். நீ பாப்பாவைத் தூக்கிட்டு வந்து நின்னு அழுத. அந்த நேரத்துல ஏணியைப் போட்டு ஏறவா? நாளைக்குப் பாப்போம்னு விட்டேன். நாளைக்குப் பாத்து, இல்லைன்னு ஆனா, நேத்து பாப்பாவை இதுக்கடியில படுக்க வெச்சேனேன்னு ஆயிடும். ஒவ்வொரு நாளும் நேத்துன்னு ஒண்ணு கூடிக்கிட்டே போச்சு. இருக்குன்னே நெனச்சுக்குவேன். மழை பெஞ்சா மேல போய்க் கோட்டைப் பாப்பேன்."

அவள் அவரையே பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் சிலர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். முடிவை வாங்க வரவே மாட்டார்கள். உறை அலமாரியிலேயே கிடக்கும். 'என்ன ஜென்மங்கள் இதுங்க' என்று அவள் சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்படி ஒரு ஜென்மத்தோடுதான் இத்தனை வருடம் ஒரே போர்வையில் படுத்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கட்டிலை ஓரமாப் போடச் சொல்றீங்க."

"சொல்லாம இருக்க முடியலை."

"விக்காமலும் இருக்க முடியலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்தார். "சரி. ஏணியை எடுத்துட்டு வரேன். இப்பவே ரெண்டு பேரும் பாத்துடுவோம். முடிஞ்சுடட்டும்."

"வேண்டாம்" என்றாள் அவள்.

"ஏன்?"

"நாம மட்டும் பாக்கக் கூடாது. பாத்து, இல்லைன்னு வெச்சுக்கங்க. என்ன பண்ணுவோம்?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திருப்பி மூடிடுவோம். உங்களை மட்டும் சொல்லலை. நானும்தான் மூடுவேன். லிஃப்ட் வீடு கண்ணுல தெரியுது, மக வீடு தெரியுது... இந்தப் பொய்ச் சுவருக்குக் கலர் சொன்னதே நான்தானே. அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி கழட்டுவோம்."

"பீம் இல்லைன்னா வாங்க மாட்டாங்க."

"ஆமா."

"அப்புறம் யாருமே வாங்க மாட்டாங்க."

"தெரியுது. போனை எடுங்க."

இந்த உரையாடலை நான் திட்டமிடவில்லை. அவரைச் சந்தேகிக்கத்தான் இவளைப் படைத்தேன். இவள் சுற்றி வந்து தன்னையே சந்தேகித்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்தக் கதையில் நான் சொல்லி நடந்தது எதுவும் இல்லை.

8

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றல்ல.

முதலாவதில் பீம் இருக்கிறது. துரு ஏறியிருந்தாலும் கம்பீரமாகப் படுத்திருக்கிறது. மேஸ்திரி நல்லவர். வீட்டுக்காரர் கண் கலங்க, அவள் முந்தானையால் துடைக்க, இளம் தம்பதி கைகுலுக்க... என் வாசகிகளுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

இன்னொன்றில் பீம் இல்லை. நாலு சவுக்குக் கம்பும் ஒரு சிமெண்ட் சாக்கும். வீடு ஏன் விழவில்லை என்று எந்த இன்ஜினியராலும் சொல்ல முடியவில்லை. மகள் வீட்டுக்கு அவள் கிளம்பிப் போகிறாள், தனியாக. இதை எழுதி முடித்ததும் 'இதுதான் இலக்கியம்' என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நான் அதிகம் நம்புவதில்லை. சோகமாக முடித்தால் உண்மையாகிவிடும் என்று அதற்கு நினைப்பு.

மூன்றாவதில் பீம் இருக்கிறது, ஆனால் அளவு போதாமல் ஒரு முனை செங்கல் மேல்

இதை முடிக்கவில்லை. நடுநிலை என்ற பெயரில் நழுவுவது.

என் கணவரிடம் கேட்டேன். "இருக்குன்னே எழுதிடு. பாவம், நல்ல மனுஷன்" என்றார்.

"இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ எழுதிட்டா இருந்துடும்ல? யாரு ஏறிப் பாக்கப் போறா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த மேஸ்திரியின் சிரிப்பு கேட்டது. இத்தனை வருடமாக, என் ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் சீலிங்கை மூடி, வெள்ளை அடித்து, 'போட்டாச்சு, கவலையே படாதீங்க' என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்து போயிருக்கிறேன்? யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

அதனால் இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை. இருக்கிறது என்று சொன்னாலும், இல்லை என்று சொன்னாலும், அது மேஸ்திரி சொன்னதுதான்.

9

இளம் தம்பதி வந்துவிட்டார்கள். நடந்தது எல்லாவற்றையும் வீட்டுக்காரியே சொன்னாள், பிளைவுட் சுவர் உட்பட. அவர் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "ஆமாம்மா, தப்பு என்னோடது" என்றார்.

இளைஞன் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தான். அவள், "நான்தான் சொன்னேனே, சுவர் இல்லைன்னு" என்றாள். மற்றதையெல்லாம்விட அவளுக்கு அதுதான் முதலில் தீர வேண்டிய கணக்கு. பிறகு சீலிங்கைப் பார்த்தாள். "பாத்துடலாம் ஆன்ட்டி" என்றாள்.

இளைஞன் சட்டைப் பையிலிருந்து செல்போன் கழற்றும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். ஊசி மாதிரி இருந்தது. "இதை வெச்சுக் கொசுவைத்தான் கழட்டலாம்" என்று வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்தார். "நானே ஏறறேன்" என்றார். "உங்க இடுப்புக்கா? ஏணியைப் பிடிங்க, போதும்" என்றாள் வீட்டுக்காரி. முழங்காலை ஒரு தடவை திட்டிவிட்டு ஏறினாள். ஸ்க்ரூடிரைவர் முனையால் பழைய வெள்ளையைச் சுரண்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கழற்றினாள். கடைசித் திருகாணி மட்டும் பாக்கி. பலகை ஒரு மூலையில் தொங்கி, கறுப்பாக ஒரு இடுக்கு தெரிந்தது. "டார்ச்" என்று கையைக் கீழே நீட்டினாள்.

அப்போது அந்த இளம் பெண் ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து, வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் ஹால் நடுவில் நின்றான். வீட்டுக்காரர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேலே பார்க்கவில்லை, மனைவியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச்சைக் கொடுக்க ஆள் வேண்டும். நான் கொடுக்க முடியாது, காரணம் சொல்லிவிட்டேன். அது மேஜைமேல், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. எடுத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அந்த இளைஞன் பக்கத்தில் நிற்பீர்களா, தெருவில் அந்தக் குழந்தை பக்கத்தில் போய் நிற்பீர்களா என்று பாருங்கள். உங்கள் கால் எங்கே போகிறதோ, கதை அங்கே முடிந்துகொள்ளட்டும்.